அட்டை அடித்த பிறகு ஆய்வு செய்த சஹன் நானா

உலகத்தில் ஆய்வறிக்கை எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஒரு வரிகூட எழுதாமல், தலைப்பைக்கூட மேற்பார்வையாளரிடம் காட்டாமல், முதல் வேலையாகக் கெட்டி அட்டையைக் கட்டுவித்து, பொன்னெழுத்தில் தலைப்பைப் பதித்து, பொலித்தீன் உறையில் சுற்றி அலுமாரியில் பூட்டி வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வகுப்பில் படித்தார். எனக்குப் பக்கத்துக் கதிரை. அப்போது நான் சொன்னதை என் கணவர் நம்பவில்லை. ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அலுமாரியைத் திறந்து காட்டுவித்த பிறகுதான் வாயை மூடினார்.

அந்த மனிதர் சஹன் நானா. எங்கள் புத்தளத்துக் கல்யாண வீடுகளுக்கு வராதவர்களுக்காக ஒரு விளக்கம். நானா என்றால் அண்ணன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் சுற்றிவரக் கறிகளும் அச்சாறும் வைப்பார்கள். ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். இந்தத் தட்டுகளையும் பாய்களையும் வாடகைக்குக் கொடுத்து, பரிமாற ஆட்களையும் அனுப்பி, தானும் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்று பந்தியை நடத்துவது அவர் தொழில். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

நான் அப்போது ஒரு வங்கியில் எழுதுவினைஞர். பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டு, சனி ஞாயிறுகளில் நடக்கும் முகாமைத்துவப் பட்டப் படிப்பில் சேர்ந்திருந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது ஐம்பதை எட்டிய ஒருவர், வெள்ளைத் தொப்பியும் அயர்ன் பண்ணிய சேர்ட்டுமாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விரிவுரையாளர் என்று நினைத்து ஸலாம் சொல்லிவிட்டு எழுந்தே நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உக்காருங்க தங்கச்சி. நானும் ஒங்களப் போலதான். வாத்தியார் இன்னும் வரல்ல."

கல்யாண சீசன் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. காலையில் வகுப்புக்கு வருவார், பகல் விருந்து நேரத்துக்கு மறைந்துவிடுவார், பின்னேரம் நெய்ச்சோற்று வாசத்தோடு திரும்பி வந்து அமர்வார். நிதி முகாமைத்துவப் பாடம் நடக்கும்போது அந்த வாசத்தில் வகுப்பே பசியில் நெளியும். ஆனாலும் ஒரு பரீட்சையைக்கூட அவர் விடவில்லை. தட்டுத் தடுமாறியாவது எல்லாவற்றிலும் தேறிவிட்டார். மிஞ்சியது கடைசி ஆண்டின் ஆய்வறிக்கை மட்டும்தான்.

எங்களுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஒரு மெடம். சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எங்களில் பாதிப் பேரை விட வயதில் இளையவர், ஆனால் கண்டிப்புக்குக் குறைவில்லை. எல்லாரும் தலைப்பு கொண்டு வர வேண்டும் என்றார். நான் 'வங்கி ஊழியர்களின் தொழில் திருப்தி' என்று கொண்டு போனேன். எனக்குப் பின்னால் நின்றவரும் ஊழியர் திருப்தி. அவருக்குப் பின்னால் நின்றவரும் அதே திருப்தி. மெடத்துக்கு மட்டும் அன்று ஒரு திருப்தியும் இருக்கவில்லை.

கடைசியாக சஹன் நானா எழுந்தார். பையிலிருந்து பொலித்தீன் உறையை எடுத்து, மெதுவாகப் பிரித்து, மேசையில் வைத்தார். கருநீல அட்டை. அதில் தங்க எழுத்தில்: 'புத்தளம் மாவட்டத் திருமண விருந்துகளில் பரிமாறலின் தரமும் விருந்தினர் திருப்தியும்'. கீழே பட்டத்தின் பெயர், ஆண்டு எல்லாம் இருந்தன. மெடம் ஆர்வத்தோடு திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு அட்டையும் நடுவில் ஒரு தடித்த முதுகும் மட்டும் இருந்தன.

"என்ன இது? உள்ளுக்கு ஒண்டையும் காணேல்லயே?"

"அது இனித்தான் எழுதணும் மெடம். முதல்ல கார்ட் அடிச்சாச்சு."

"கார்டா?"

"கல்யாணத்துக்கு முதல்ல கார்டுதானே அடிக்கிற. கார்ட் அடிச்சு ஊருக்குக் குடுத்துட்டா அதுக்குப் பொறகு மாப்பிள்ளையும் ஓட மாட்டான், பொண்ணும் மாட்டேன் எண்டு சொல்லாது. அடிக்காம இருந்தாத்தான் இண்டைக்கு, நாளைக்கு எண்டு இழுபடும். என்னை நான் அறிவேன் மெடம். அதான் அடிச்சிட்டன்."

மெடம் நெற்றியைத் தடவினார். ஆய்வறிக்கையை எப்படித் திட்டமிடுவது என்று அவர் எங்களுக்குப் போட்டு வைத்திருந்த பாடத்தில் தலைப்பு, நோக்கம், ஆய்வு வினா, முறையியல் என்று படிப்படியாக ஒரு ஒழுங்கு இருந்தது. அட்டை அதில் ஆகக் கடைசிப் படி. மாவட்டம் முழுக்க ஒருவரால் ஆய்வு செய்ய முடியாது, நகரத்தோடு சுருக்கிக்கொள்ளுங்கள் என்று எடுத்துச் சொன்னார். சஹன் நானா அட்டையில் இருந்த 'மாவட்ட' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, தங்க எழுத்து அழியாது மெடம் என்றார். ஒரு சொல்லை அழிக்க மனமில்லாமல் ஒரு மாவட்டத்தையே தலையில் ஏற்றிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய தொல்லை அந்த முதுகுதான். அட்டை கட்டுகிறவர் எத்தனை பக்கம் என்று கேட்டபோது, குறைவாகச் சொன்னால் மரியாதை இல்லை என்று எண்ணி, தடிப்பமாகப் போடுங்க என்று சொல்லியிருக்கிறார். எங்களுடைய ஆய்வறிக்கை மூன்றைச் சேர்த்து உள்ளே வைத்தாலும் அது ஆடும்.

அடுத்த வாரம் அத்தியாயத் திட்டம். அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல், பகுப்பாய்வு, முடிவுரை என்று ஐந்து அத்தியாயங்களை எல்லாரும் எழுதிக்கொண்டு வந்தோம். சஹன் நானா ஒரு பெரிய வட்டம் கீறி, அதை ஆறாகப் பிரித்துக்கொண்டு வந்திருந்தார். ஆறாவது துண்டு வெறுமையாக இருந்தது.

"இதில ஆரு?" என்றார் மெடம். அவருக்கும் எங்கள் பாஷை ஒட்டத் தொடங்கியிருந்தது.

"ஆள் வரும் மெடம். அஞ்சு பேரை வெச்சுச் சஹன் விட ஏலாது. ரோட்டால போறவனையாவது கூப்பிட்டு உக்கார வெச்சு ஆறாக்கணும். அஞ்சோட விட்டா வீட்டுக்காரருக்குக் கொறச்சல்."

"ஆய்வறிக்கைக்கு அஞ்சு அத்தியாயம்தான். கொறச்சல் ஒண்டுமில்ல."

"அப்ப அந்த எடம் சும்மா கெடக்குமே."

மெடம் யோசித்தார். "சரி, பின்னிணைப்பை ஆறாவது ஆளா உக்கார வைங்க. அவர் பேச மாட்டார், சாப்பிட மட்டும் செய்வார்."

அன்று சஹன் நானாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்குக் குறைச்சல் வராமல் பந்தி நிறைந்துவிட்ட மகிழ்ச்சி. அதற்குப் பிறகு மெடமும் அவருடைய வழிக்கே வந்துவிட்டார். இலக்கிய மீளாய்வில் மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கச் சொன்னால், இவர் தன்னுடைய முடிவுகளையும் சேர்த்து எழுதிக்கொண்டு வருவார். மெடம் சிவப்புப் பேனையால் கீறிவிட்டுச் சொல்வார்:

"நானா, ஒங்கட ரெண்டாம் அத்தியாயம் கையை நீட்டி நாலாம் அத்தியாயத்துக்கு முன்னால இருந்த கோழியை எடுத்துட்டுது."

சஹன் நானா பதறிப்போய், அடுத்தவன் பக்கத்தில் கை வைத்த விருந்தாளியைக் கண்டதுபோல, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரு கவலை இருந்தது. அவர் எங்களுக்கு முந்திய அணியில் பதிந்து இடையில் நின்றவர், ஏற்கனவே இரண்டு முறை கால நீடிப்பு வாங்கியிருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கையை ஒப்படைக்காவிட்டால் பதிவு இரத்து. இவ்வளவு ஆண்டு படித்ததெல்லாம் போய்விடும். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, தொழில் ஓடுகிறது, பட்டத்தைக் கொண்டுபோய் எந்தச் சஹனில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் தேநீர்க் கடையில் அதைக் கேட்டும் விட்டேன்.

அவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"தொண்ணூறாம் ஆண்டு நாங்க மன்னாரால வரக்குள்ள நான் ஏ.எல். வகுப்பில தங்கச்சி. வணிகப் பிரிவு. வாத்தியார் போட்ல எழுதிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பாப்பம் எண்டார். அந்த நாளை வரல்ல. எங்கட ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டு வெளியேறச் சொன்னாங்க, உடுத்த உடுப்போட வள்ளத்தில ஏறி வந்தம். பொறகு இங்க அகதி முகாம், பொறகு கல்யாண வீடுகள்ல சஹன் கழுவினன், பொறகு சொந்தமா வாங்கினன். அல்லாஹ் கொறை வைக்கல்ல. ஆனா படிப்பில எதையுமே நான் முடிச்சதில்ல. ஏ.எல். பரீட்சையைக் கூட நாப்பது வயசுக்குப் பொறகுதான் திரும்ப எழுதினன். இந்த ஒண்டையாவது முடிக்கணும்."

நான் கேட்டது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அவருடைய ஆய்வறிக்கை எனக்கும் சொந்தக் கவலையாகிவிட்டது.

வினாக்கொத்துத் தயாரானது. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். ஒன்று என்றால் சற்றும் உடன்படவில்லை, ஐந்து என்றால் மிகவும் உடன்படுகிறேன். அதில் சஹன் நானா தன் சொந்தக் கண்டுபிடிப்பாக ஒரு வாசகத்தைச் சேர்த்திருந்தார். 'பரிமாறுபவர் என் அருகில் வந்து, போதுமா என்று அன்பாக விசாரித்தார்.' இதுதான் தன் ஆய்வின் உயிர்நாடி என்று சொல்லுவார். தன் ஆட்களுக்கெல்லாம் அவர் கொடுத்திருந்த பயிற்சியும் அதுதான். சொந்தக்காரர்கள் பரிமாறினால் இந்த விசாரிப்பு இருக்காது, தொழிலாகச் செய்கிறவர்களிடம்தான் இருக்கும், ஆகவே தொழிலாகச் செய்கிறவர்களிடம்தான் திருப்தி அதிகம் என்பது அவருடைய கருதுகோள்.

மாவட்டம் முழுக்க அலைந்தார். வண்ணாத்திவில்லுவில் ஒரு கமக்காரர் வீட்டுக் கல்யாணம், கற்பிட்டியில் ஒரு வியாபாரி வீடு, புத்தளத்தில் இரண்டு மூன்று மண்டபங்கள். சிலதில் அவரே பந்தி நடத்தினார், சிலதில் சொந்தக்காரர்கள் பரிமாறினார்கள். பெண்கள் பக்கத்துக்கு அவரால் போக முடியாது, அங்கே நான் வினாக்கொத்தோடு போனேன். சாப்பிட்டுக் கை கழுவியவர்களிடம் காகிதத்தை நீட்டினால் மறுபேச்சுப் பேசாமல் நிரப்பித் தந்தார்கள். எங்கள் ஆட்கள் இவ்வளவு நல்லவர்களா என்று நானே வியந்தேன்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிய அன்றைக்கு அந்த நன்மையின் விலை தெரிந்தது. மெடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலிருந்து கீழ்வரை ஐந்து. இடமிருந்து வலம் ஐந்து. கோழி நன்றாக வெந்திருந்ததா, ஐந்து. இனிப்புக்கு வைக்கும் வட்டிலப்பம் எல்லாருக்கும் கிடைத்ததா, ஐந்து. கற்பிட்டிக் கல்யாணத்தில் வட்டிலப்பமே கொடுக்கவில்லை. அதற்கும் ஐந்து.

"நானா, இதை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது. எல்லாரும் ஒரே புள்ளி போட்டா எதுக்கும் எதுக்கும் தொடர்பு பாக்கிறதுக்கு வழியில்ல. ஒருத்தராவது ஒரு நாலு போட்டிருக்கக் கூடாதா?"

"கல்யாண வீட்டில இருந்துக்கிட்டு எப்பிடி மெடம் நாலு போடுவாங்க?" சஹன் நானா குரல் இறங்கிவிட்டது. "சோறு திண்ட வாயால கொறை சொல்லுவாங்களா?"

பதில் சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. எங்கள் ஊரில் விருந்து வீட்டு வாசலுக்குள் நின்றுகொண்டு யாரும் குறை பேச மாட்டார்கள். சோறு கல்லாக இருந்தாலும் மாஷா அல்லாஹ் என்றுதான் எழும்புவார்கள். நாங்கள் இருவரும் அதே ஊர்க்காரர்கள், அந்த வழக்கத்தோடு வளர்ந்தவர்கள். ஆனாலும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, மணமகனின் வாப்பா பார்த்துக்கொண்டிருக்க, விருந்தாளியிடம் புள்ளி கேட்டிருக்கிறோம்.

ஆண்டு முடிய அதிக காலம் இல்லை. சஹன் நானா வினாக்கொத்துகளை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கட்டினார். "விடுங்க மெடம். என்ட நசீபு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் இனி வர மாட்டார் என்று பயந்தேன்.

மெடம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவர் பக்கத்தில் நின்றார்.

"நானா, எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். கல்யாண வீட்டில அம்மா வாயே திறக்க மாட்டா. திரும்பி வரக்குள்ள வேன் ரோட்டு முடக்கில திரும்ப வேணும், அதோட தொடங்குவா. சாம்பாரில உப்பில்ல எண்டதில இருந்து பொம்பிளைட சாறி வரைக்கும் ஒண்டையும் விட மாட்டா. வீடு வந்து சேந்த பிறகும் முடியாது."

சஹன் நானா மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"வேன்ல," என்றார்.

"ஓம். வேன்ல கேட்டு வாங்க. கல்யாண வீட்டில சொன்னதையும் வேன்ல சொன்னதையும் பக்கத்தில பக்கத்தில வைங்க. ரெண்டுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு பாருங்க. அதுதான் ஒங்கட ஆய்வு. ஆனா ஒரு நிபந்தனை. ஆக்கள் இறங்கக்குள்ள நீங்க ஆரு எண்டு சொல்லி அனுமதி கேக்கணும். வேணாம் எண்டா அந்தக் கதையை அந்த எடத்திலயே மறந்துடணும்."

முதல் வேன் எனக்குத் தெரிந்த வேன். என் கணவரின் பெரியவாப்பா குடும்பம் பள்ளிவாசல்துறையிலிருந்து புத்தளத்து மண்டபம் ஒன்றுக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்தது. பெரியவாப்பா கடல் தொழில் செய்தவர். காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய தொண்டை, காதோடு கதைத்தாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். அன்று பந்தி நடத்தியது சஹன் நானா. கடைசிப் பந்தி முடிந்ததும் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்து, முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்து, சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக் குந்தினார். உதவியாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் பின்னால் பெண்களோடு ஏறினேன்.

மண்டபத்து வெளிச்சம் மறையும் வரை எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ்தான். முடக்குத் திரும்பியது.

"கோழி வேகவே இல்ல," என்றார் பெரியம்மா.

அதோடு கதவு திறந்துகொண்டது. அச்சாறு புளிக்கவில்லை. வட்டிலப்பம் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இரண்டு தரம் போனது, இந்தப் பக்கம் ஒருதரம்தான். மாப்பிள்ளையின் தாய் சிரித்த சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஏறவில்லை. நான் மடியில் வைத்து எழுதிக்கொண்டே வந்தேன். முன்னால் சஹன் நானாவின் தோள் அசையாமல் இருந்தது. கோழி அவர் பொறுப்பில்லை, சமையல் வேறு ஆள்.

பெரியவாப்பா தொண்டையைச் செருமினார்.

"சாப்பாட்டில கொறை சொல்ல மாட்டன். அந்தச் சஹன்காரன்தான் மனுசனைத் திங்க விட்டானில்ல! நான் எலும்பைக் கையில எடுக்கேல்ல, அதுக்குள்ள கிட்ட வந்து குனிஞ்சு, போதுமா எண்டான். போதுமா எண்டு கேட்டா எவன்டா போதாது எண்டு சொல்லுவான்? மானமுள்ளவன் எழும்பத்தானே வேணும்? எழும்பிட்டன்! பாதி வயித்தோட எழும்பிட்டன்!"

"எனக்கும் அப்பிடித்தான்," என்றார் பின்னாலிருந்த மருமகன். "போதுமா எண்டுட்டு அடுத்த பந்திக்காரரைத் திரும்பிப் பாக்கிறான். நம்மட ஊர்க் கல்யாணத்தில மச்சான்மார் பரிமாறக்குள்ள எவன் கேக்கிறான்? கையைத் தட்டத் தட்டச் சோத்தைக் கொட்டுவானுகள்."

வேனில் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். என் பேனை நின்றுவிட்டது. நான் முன்னால் பார்க்கத் துணியவில்லை. தன் ஆய்வின் உயிர்நாடி என்று அவர் சொன்ன அந்த ஒரு வாசகம், தன் ஆட்களுக்கெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்த அன்பான விசாரிப்பு, இத்தனை ஆண்டாக விருந்தாளிகளைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி விட்டிருக்கிறது.

பள்ளிவாசல்துறையில் வேன் நின்றது. சஹன் நானா முதலில் இறங்கினார். முகக்கவசத்தைக் கழற்றினார், தொப்பியைப் போட்டார், வேன் வாசலில் நின்று ஸலாம் சொன்னார். பெரியவாப்பாவின் ஒரு கால் வேனுக்குள்ளும் மற்றக் கால் வெளியிலுமாக நின்றது.

"நான்தான் அந்தச் சஹன்காரன் வாப்பா. படிக்கிற விசயமா வந்தன். நீங்க சொன்னதை எழுதலாமா?"

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மருமகன் வேனின் மறுபக்கக் கதவால் இறங்கி இருட்டில் கலந்துவிட்டார். பெரியவாப்பாவும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு இரண்டாவது காலையும் கீழே வைத்தார்.

"எழுதும் தம்பி. எழுதக்குள்ள இதையும் எழுதும். தண்ணிப் போத்தல் ஆறு பேருக்கு ரெண்டுதான் வெச்சீங்க."

"ஓம் வாப்பா. எழுதுறன்."

திரும்பி வரும்போது நான் எழுதியதை அவரிடம் கொடுத்தேன். கொஞ்சத் தூரம் வந்ததும் அவரே பேசினார்.

"என்னைப் பாதிப் பாடத்தில எழுப்பினது எனக்கு இன்னும் நோகுது தங்கச்சி. நான் எத்தனை பேரைப் பாதிச் சோத்தில எழுப்பிட்டன்."

அவர் வேறு வேன்களிலும் ஏறினார். என்ன கேட்க வரும் என்று தெரிந்துகொண்டே ஏறினார். சிலர் அனுமதி தரவில்லை, அவற்றை விட்டுவிட்டார். தந்தவர்களின் கதை எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. சொந்தக்காரர் பரிமாறிய கல்யாணங்களில் கோழியைத் திட்டினார்கள், பரிமாறியவர்களைத் திட்டவில்லை. அவருடைய கருதுகோள் தலைகீழாக விழுந்துவிட்டது. மெடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இது உங்கள் தொழிலைப் பற்றியது, உங்கள் பெயரிலேயே வெளிவரும், வேண்டுமானால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் மென்மையாக எழுதலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"மென்மையா எழுதினா அதுவும் அஞ்சு போட்ட மாதிரித்தான் மெடம்," என்றார் அவர்.

எழுதினார். நாலாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் கல்யாண வீட்டில் சொன்னது, எதிர்ப்பக்கம் வேனில் சொன்னது. ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பரிந்துரையே 'போதுமா' என்ற கேள்வியைப் பரிமாறுபவர்கள் இனிக் கேட்கக் கூடாது என்பது. ஆறாவது ஆளாகிய பின்னிணைப்பில், கழுவியும் எண்ணெய் போகாத கையால் நிரப்பிய எல்லா வினாக்கொத்துகளையும் ஒன்றும் விடாமல் அடுக்கினார். அப்படி அடுக்கியும் அந்தத் தடித்த முதுகு நிறையவில்லை. கட்டுகிறவர் உள்ளே ஒரு மட்டையைச் செருகி ஒருவாறு சரிக்கட்டினார். கடைசி நாளன்று அதை ஒப்படைக்க அவர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், அச்சுப் போட்ட குர்ஆன் தப்ஸீர் விளக்கநூல் ஏதோ என்று வழி விட்டார்கள்.

வாய்மொழிப் பரீட்சையும் நடந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அவரிடம் நிறைய நேரம் கேள்வி கேட்டார். வெளியே வந்த சஹன் நானாவின் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. பெறுபேறு வர நாளானது. எனக்கு முதலில் வந்தது, நான் தேறிவிட்டேன். சந்தோஷத்தை வெளியே காட்ட மனம் வரவில்லை.

அவருடையது வந்த அன்று நானும் கணவரும் அவர் வீட்டில் இருந்தோம். மெடம் அவருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் காதில் வைத்துக்கொண்டு ஓம் மெடம், ஓம் மெடம் என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். மெடம் என்னிடமும் சொன்னார். தேறிவிட்டார், நல்ல புள்ளி, பரீட்சகர் அந்த நாலாம் அத்தியாயத்தைப் பற்றிப் புகழ்ந்து பேசினாராம்.

போனை வைத்தேன். சஹன் நானா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்க. இது கல்யாண வீட்டுக் கதையா, வேன் கதையா?"

"வேன் கதைதான் நானா. அல்லாஹ் மேல ஆணையா வேன் கதை."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி, எங்களுக்கு ராத்தா, குசினியிலிருந்து ஓடி வந்து, என்ன என்ன என்று கேட்டார். "முடிச்சிட்டன்," என்றார் அவர். துவாயால் முகத்தைத் துடைத்தார், திரும்பத் துடைத்தார், துடைத்து முடியவேயில்லை. ராத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் என் கணவரும் முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் இப்போதும் பந்தி நடத்துகிறார். என்னைக் கண்டால், எப்படி தங்கச்சி நம்மட சர்வீஸ் என்று கேட்பார். நான் நல்லம் நானா என்பேன், அவர் நம்ப மாட்டார், சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஆகவே அவர் முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாததை அவர் இல்லாத இந்த இடத்தில் சொல்கிறேன். நான் படித்த வகுப்பில் எனக்கு ஆகப் பெருமையான விஷயம் என் பட்டம் இல்லை, சஹன் நானாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்ததுதான்.